முதல் அடிக்கு முந்தைய முப்பது நொடிகள்

வன்கொடுமை வழக்குகள் எங்கே தோற்கின்றன என்று கேட்டால் பலரும் நீதிமன்றத்தைக் காட்டுவார்கள். நான் காவல் நிலையத்தைக் காட்டுவேன். 'இரு தரப்பினரிடையே மோதல்' என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதும்போதே பாதி வழக்கு முடிந்துவிடுகிறது. முதலில் கை ஓங்கியது யார், அதற்கு முன் சாதிப் பெயரைச் சொல்லி என்ன பேசினார்கள் என்பதெல்லாம் அந்த மூன்று சொற்களுக்குள் புதைந்துபோகும். நம் கையில் இருக்கும் வீடியோவும் பெரும்பாலும் உதவுவதில்லை. அடி விழுந்த பிறகுதான் யாரோ செல்பேசியை எடுக்கிறார்கள். அதில் தெரிவது தள்ளுமுள்ளு மட்டுமே.

இதனால்தான், சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிறு வீடியோ கேமராவின் இரண்டு அமைப்புகளைப் பற்றி இளம் தோழர்களிடம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். ஒன்று முன்பதிவு. இன்னொன்று சுழற்சிப் பதிவு.

முன்பதிவு அமைப்பில் கேமரா எப்போதும் விழித்திருக்கும். கடைசிச் சில நொடிகளைத் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பழையதை அழித்தபடியே இருக்கும். நீங்கள் பொத்தானை அழுத்தியதும் அந்த நொடிகளையும் சேர்த்துக் கோப்பாக்கும். பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதுதான் இதற்கான விலை.

அந்தச் சில நொடிகள் என்ன செய்யும்? அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 2017 ஜனவரியில் ரிச்சர்ட் பின்ஹெய்ரோ என்ற காவலர் தன் உடல் கேமராவை இயக்கி, குப்பைக்கு நடுவே போதைப்பொருளைக் 'கண்டுபிடித்தார்'. பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய 30 நொடிகளைக் கேமரா தானாகவே சேமித்திருந்தது. அதே பொட்டலத்தை அவரே அங்கே வைப்பது அதில் தெரிந்தது. 2018இல் சாட்சியம் புனைந்த குற்றத்துக்காக அவர் தண்டிக்கப்பட்டார்.

ஆனால் அந்த 30 நொடிகளில் ஒலி இல்லை. நமக்கு முக்கியமான பாடம் இதுதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் பொதுமக்கள் பார்வையில் நடக்கும் அவமதிப்பையும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதையும் குற்றமாக்குகின்றன. நான்கு சுவர்களுக்குள், வெளியார் எவரும் இல்லாத இடத்தில் பேசியது இந்த வரையறைக்குள் வராது என்று 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே எங்கே, யார் முன்னால், என்ன சொல் என்ற மூன்றும் வேண்டும். ஊமைப் படம் சொல்லைக் காட்டாது. முன்பதிவில் ஒலியும் சேர்கிறதா என்று சோதித்துப் பார்க்காமல் எந்தக் கேமராவையும் களத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

அடுத்தது சுழற்சிப் பதிவு. கேமரா சில நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்யும். அட்டை நிறைந்ததும் மிகப் பழைய துண்டின்மேல் புதியதை எழுதும். நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் பதிவானால் மணிக்கு ஏறத்தாழ 7 ஜிபி ஆகும். 64 ஜிபி அட்டை 9 மணி நேரம் தாங்கும். பத்தாவது மணியில் காலைக் காட்சி போய்விடும். காட்சியைப் பூட்டும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால்தான் அந்தத் துண்டு தப்பும்.

இந்த மறதியைத் திட்டமிட்டும் உண்டாக்கலாம் என்பதைச் சாத்தான்குளம் காட்டியது. 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜும் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்டார்கள். சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர், அந்த இரவின் சிசிடிவி காட்சிகள் இல்லை என்று உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். 1 டிபி வன்தட்டில் இடம் இருந்தது. இருந்தும் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. கேமரா பழுதாகவில்லை. சொன்னதைத்தான் செய்தது.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு கூடிய கேமராக்கள் வேண்டும் என்றது. பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், அதற்கான கருவி கிடைக்காத இடத்தில் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்றது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(10) பிரிவோ, அச்சட்டத்தின் கீழான குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகள் எல்லாம் வீடியோவில் பதிவாக வேண்டும் என்கிறது. அது 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. காகிதத்தில் நமக்குக் குறை ஒன்றுமில்லை.

கேமரா வந்தால் சாதி பயந்துவிடுமா என்று சிலர் கேட்பார்கள். பயப்படாது. 2016இல் குஜராத்தின் ஊனாவில் தலித் இளைஞர்களை அடித்தவர்களே அதைப் படம்பிடித்துப் பெருமையோடு பரப்பினார்கள். கேமரா வன்முறையைத் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை. 'நடக்கவே இல்லை' என்று சொல்வதைக் கடினமாக்கும். 2025 ஜூனில் திருப்புவனம் அருகே அஜித்குமார் காவலர்களால் அடிக்கப்பட்டதை ஒருவர் மறைந்திருந்து செல்பேசியில் எடுத்தார். அந்தச் சில நொடிகள் இல்லாவிட்டால் அந்த வழக்கு எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எடுத்த பதிவைக் காப்பதும் வேலைதான். உடனே பூட்டுங்கள். மூலக் கோப்பை வெட்டாமல், இசை சேர்க்காமல், அட்டையோடு எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் மூலம் ஆகாது. பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு கருவியின் விவரத்தையும் கோப்பின் ஹாஷ் எண்ணையும் கொண்ட சான்றிதழைக் கேட்கிறது. பாதிக்கப்பட்டவரின் முகத்தை அவர் சம்மதம் இல்லாமல் பரப்புவது இன்னொரு அவமதிப்பு. வழக்கறிஞரிடம் போக வேண்டியது ரீல்ஸுக்குப் போகக் கூடாது.

திருவண்ணாமலையில் தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் கூட்டத்தைக் கண்காணிக்கக் கேமராக்கள் இருக்கின்றன. இதே மாவட்டத்தின் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போக 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று கேமராக்கள் வந்தன. அதற்கு முன் பல பத்தாண்டுகள் வாசலில் தடுத்ததற்கு எந்தப் பதிவும் இல்லை.

நான் வசிக்கும் வேங்கிக்காலில்தான் ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டு விதி. அந்தக் குழுவிடமும், திங்கட்கிழமை மனுவிலும், தகவல் உரிமைச் சட்டத்திலும் நாம் ஒரே கேள்வியைக் கேட்கலாம்: இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் சிசிடிவி பதிவு எத்தனை நாளில் அழியும்படி அமைக்கப்பட்டிருக்கிறது? பதில் 18 மாதமாக இல்லாவிட்டால் அதுவே நம் அடுத்த மனு.