ஒண்ட வந்த பிடாரி

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்று ஒரு பழமொழி உண்டு. இணைய இணைப்பு கொடுக்க வந்த நிறுவனம் வீட்டுக் கணினியையே தன் சொத்தாக ஆக்கிக்கொண்ட கதைக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடையாது.

2000-களின் முற்பகுதியில் அமெரிக்காவில் ஒரு சாதாரண வீடு. பல வருடங்களாக டயல்-அப் இணைப்புக்கு அமெரிக்கா ஆன்லைன், அதாவது ஏ.ஓ.எல். நிறுவனத்துக்கு மாதாமாதம் பணம் கட்டி வந்தார்கள். பிறகு கேபிள் கம்பெனியின் பிராட்பேண்ட் வந்தது. வேகமாக இருக்கிறதே என்று அதற்கு மாறிவிட்டார்கள். ஆனால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால் மேலே தலைப்புப் பட்டையில் "அமெரிக்கா ஆன்லைன் வழங்கும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்" என்றே இருக்கிறது. முகப்புப் பக்கம் பழைய கம்பெனியுடையது. முகவரிக் கட்டத்துக்குக் கீழே அவர்களுடைய டூல்பார். வலது மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய ஐகான்கள். பணம் கட்டுவதை நிறுத்தியாகிவிட்டது, உறவு முடிந்துவிட்டது, பெயர்ப்பலகை மட்டும் இறங்கவில்லை!

வாடகைக்கு இருந்தவர் காலி செய்த பிறகும் வாசலில் அவர் பெயரே தொங்கினால் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? கணினி விஷயத்தில் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் சும்மாதான் இருந்தார்கள். அதை எடுக்கப்போய் வேறு ஏதாவது கெட்டுவிடுமோ என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தின் மேல்தான் இந்த வியாபாரமே நடந்தது.

சரி, இது எப்படி உள்ளே வந்தது?

ஏ.ஓ.எல். நிறுவனத்தில் விளம்பரப் பிரிவைக் கவனித்தவர் ஜான் பிராண்ட் என்ற பெண்மணி. 1993-ல் தொடங்கி முதலில் ஃப்ளாப்பிகளையும் பிறகு குறுந்தகடுகளையும் வீடு வீடாகத் தபாலில் அனுப்பினார். பத்திரிகைகளோடு இலவசமாக வந்தது, கடைகளில் வாசலிலேயே அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு கட்டத்தில் உலகத்தில் தயாரான குறுந்தகடுகளில் பாதியில் தங்கள் சின்னம்தான் இருந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2001-ல் கலிபோர்னியாவில் இருவர், பத்து லட்சம் குறுந்தகடுகளைச் சேர்த்து அந்தக் கம்பெனி வாசலிலேயே கொட்டுவோம் என்று ஒரு இயக்கமே தொடங்கினார்கள் என்றால் தொல்லை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குறுந்தகட்டை உள்ளே தள்ளினால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். உலாவியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள மைக்ரோசாஃப்ட்டே வழி செய்து கொடுத்திருந்தது. இணைப்பு கொடுக்கும் நிறுவனங்களும் பயன்படுத்தும்படி ஒரு மென்பொருள் தொகுப்பை அது வெளியிட்டது. தலைப்பு, சின்னம், முகப்புப் பக்கம், பிடித்த தளங்களின் பட்டியல் என எல்லாவற்றையும் அதை வைத்து மாற்றலாம். தன் உலாவி பரவ வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் கணக்கு, தன் பெயர் தெரிய வேண்டும் என்பது இணைப்புக் கம்பெனியின் கணக்கு. வீட்டுக்காரரின் கணக்கை யாரும் கேட்கவில்லை.

இனி வெளியே அனுப்புவது. அன்றைய விண்டோஸ் எக்ஸ்பியில் அதற்கு என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்று பாருங்கள்.

முதலில் கண்ட்ரோல் பேனலில் "ஆட் ஆர் ரிமூவ் புரோகிராம்ஸ்" போக வேண்டும். அங்கே ஏ.ஓ.எல். ஒரே வரியில் இருக்காது. இணைப்புச் சேவை ஒரு வரி, டூல்பார் ஒரு வரி, கூடவே வந்த வியூபாயின்ட் மீடியா பிளேயர் ஒரு வரி. ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். இரண்டாவது, இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் முகப்புப் பக்கத்தை மாற்ற வேண்டும். மூன்றாவது, "மேனேஜ் ஆட்-ஆன்ஸ்" பகுதியில் மிச்சம் மீதியைத் தேட வேண்டும். இந்த வசதியே 2004-ல் சர்வீஸ் பேக் 2 வந்த பிறகுதான் கிடைத்தது. அதிலும் முடக்கி வைக்கலாமே தவிர அழிக்க முடியாது. நான்காவது, இவ்வளவும் செய்த பிறகும் தலைப்புப் பட்டையில் பெயர் அப்படியே இருக்கும்! அதை எடுக்க ரிஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு உரிய இடத்தில் "மெயின்" என்ற பகுதிக்குள் "விண்டோ டைட்டில்" என்ற வரியைத் தேடி அழிக்க வேண்டும். ரிஜிஸ்ட்ரியில் தப்பாகக் கை வைத்தால் விண்டோஸே எழுந்திருக்காமல் போகலாம். ஒரு பெயர்ப்பலகையைக் கழற்ற வீட்டின் அஸ்திவாரத்தைத் தோண்ட வேண்டியிருந்தது.

உள்ளே வர ஒரு க்ளிக், வெளியே போக இத்தனை வேலை. இந்த வித்தியாசம் தற்செயலாக வந்தது என்று நம்ப முடியுமா?

நம்ப முடியாது என்று படித்தவர்களும் சொன்னார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையமும் ஆக்ஸ்ஃபோர்டு இணைய ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2006-ல் தொடங்கிய ஸ்டாப்பேட்வேர் என்ற அமைப்பு, அதே ஆண்டு ஆகஸ்டில் ஏ.ஓ.எல். 9.0 இலவசப் பதிப்பைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பயனருக்குச் சொல்லாமல் கூடுதல் மென்பொருட்களை ஏற்றுகிறது, உலாவியிலும் டாஸ்க்பாரிலும் தன் பொருட்களைச் சேர்க்கிறது, நீக்கினாலும் முழுதாகப் போவதில்லை என்று சொல்லி, இதை நிறுவாமல் இருப்பதே நல்லது என்றது. ஏதோ தெருமுனை வைரஸ் கும்பலைப் பற்றிய அறிக்கை அல்ல இது. அமெரிக்காவிலேயே அதிகச் சந்தாதாரர்களைச் சேர்த்த இணைய நிறுவனத்தைப் பற்றியது! சரி செய்கிறோம் என்று கம்பெனியும் சொன்னது. அறிக்கை வந்து ஊர் சிரித்த பிறகுதான் சரி செய்யத் தோன்றியது.

ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறார்கள்? சந்தா போனால் போகட்டும் என்று விட வேண்டியதுதானே?

இங்கேதான் வணிகவியல் வருகிறது. இணைப்புக்காக வாங்கும் சந்தா ஒரு வருமானம். வாடிக்கையாளர் தினமும் திறக்கும் முதல் பக்கம் இன்னொரு வருமானம். அங்கே விளம்பரம் போடலாம், தேடலைத் தங்களுக்கு வேண்டிய இடத்துக்குத் திருப்பலாம். சந்தா நின்ற பிறகும் இந்த இரண்டாவது வருமானம் நிற்காது. மனிதர்கள் ஏற்கெனவே இருப்பதை மாற்றத் தயங்குவார்கள் என்பதைச் சாமுவேல்சன், செக்ஹவுசர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1988-லேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள். "இருப்பது இருக்கட்டும்" என்று நாம் சோம்பலாகச் சொல்வதற்கு ஒரு சந்தை விலை இருக்கிறது.

எவ்வளவு விலை? ஆப்பிளின் சஃபாரி உலாவியில் தானாக வந்து நிற்கும் தேடுபொறியாக இருப்பதற்கு கூகுள் 2022-ல் மட்டும் ஆப்பிளுக்குக் கொடுத்தது 2,000 கோடி டாலர். அமெரிக்க அரசு கூகுள் மீது தொடுத்த ஏகபோக வழக்கில் வெளிவந்த தொகை இது. யார் வேண்டுமானாலும் சில நொடிகளில் மாற்றிக்கொள்ளக்கூடிய ஓர் அமைப்புக்கு இவ்வளவு பணம் கொடுப்பார்களா? பெரும்பாலானோர் மாற்றமாட்டார்கள் என்று தெரிந்துதான் கொடுக்கிறார்கள். எளிதாக மாற்றக்கூடியதற்கே இந்த விலை என்றால், மாற்றவே முடியாதபடி ஒட்டிவைத்தால் என்ன விலை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. மறுப்பதற்கில்லை. மோடம் என்றால் என்ன, எந்த எண்ணுக்கு டயல் செய்வது என்று எதுவும் தெரியாத லட்சக்கணக்கான குடும்பங்கள் அந்தக் குறுந்தகட்டால்தான் இணையத்துக்கே வந்தன. மின்னஞ்சல், அரட்டை, செய்தி எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தது. அந்த உதவி பொய்யல்ல. ஆனால் நடக்கப் பழகும்வரை கை பிடித்தவர், பழகிய பிறகும் கையை விடமாட்டேன் என்றால் அதற்குப் பெயர் உதவியா? வந்ததில் தப்பில்லை, போகாததுதான் தப்பு.

"அவர்தானே சம்மதம் என்று க்ளிக் செய்தார்?" என்பது அடுத்த வாதம். பி.காம். படிப்பவர்கள் ஒப்பந்தச் சட்டத்தில் ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி என்ற 1862-ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கைப் படித்திருப்பார்கள். மாமா ஒருவர் தன் மருமகனின் குதிரையை 30 பவுண்டு 15 ஷில்லிங்குக்குக் கேட்கிறார். மறுபதில் வராவிட்டால் குதிரை என்னுடையது என்று எடுத்துக்கொள்வேன் என்று கடிதம் எழுதுகிறார். மருமகன் பதில் எழுதவில்லை. ஏலக்காரர் தவறுதலாகக் குதிரையை வேறொருவருக்கு விற்றுவிட, மாமா ஏலக்காரர் மீது வழக்குப் போடுகிறார். பதில் சொல்லாமல் இருந்ததை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி மாமாவைத் தோற்கடித்தது நீதிமன்றம். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது கல்யாணப் பேச்சுக்குச் சரி, வியாபாரத்துக்குச் சரிவராது. முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டங்களும் இதே குதிரைக் கதைதான். "நீ டிக்கை எடுக்காவிட்டால் உன் முகப்புப் பக்கம் என்னுடையது" என்பதுதான் அதன் பொருள். குக்கீகளுக்கு இப்படி முன்பே டிக் அடித்து வாங்கும் சம்மதம் செல்லாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. 157 வருடம் கழித்து அதே பாடம்!

மென்பொருள் மட்டும்தான் போக மறுத்தது என்று நினைக்க வேண்டாம். சந்தாவை நிறுத்தக் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்களையும் ஏ.ஓ.எல். எளிதில் விடவில்லை. நிறுத்த வருபவர்களைப் பேசித் தக்கவைக்கும் ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள். நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் விசாரித்ததில், 2005-ல் 12.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானமாகப் போக வேண்டியிருந்தது. டூல்பாரும் அந்த ஊழியரும் ஒரே கொள்கையின் இரண்டு முகங்கள்.

இது முடிந்துபோன கதைதானே என்று கேட்கலாம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூனில் ஓய்வு பெற்றது. ஏ.ஓ.எல். டயல்-அப் சேவை 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு நின்றுபோனது. ஆனால் பிடாரி இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். ஸ்டாப்பேட்வேர் அமைப்புக்கு ஆதரவு கொடுத்த கம்பெனிகளில் லெனோவாவும் ஒன்று. அதே லெனோவா 2014-ல் தன் மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளை முன்கூட்டியே ஏற்றி விற்றது. பூட்டுப் போட்ட பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் அது நுழைந்து பார்க்கும். கொடுமை என்னவென்றால், மென்பொருளை நீக்கினாலும் அது பதித்து வைத்த பாதுகாப்புச் சான்றிதழ் கணினியிலேயே தங்கிவிடும். அதைத் தனியாக எடுக்க வேண்டும். திருடன் போன பிறகும் கள்ளச்சாவி வீட்டுக்குள்ளேயே கிடப்பது போல. 2017-ல் 32 மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கட்டி அந்தக் கம்பெனி வழக்கை முடித்துக்கொண்டது.

இன்றைய கைபேசிகளிலும் இதே கதைதான். வாங்கும்போதே உள்ளே இருக்கும் சில செயலிகளை அழுத்திப் பிடித்தால் "அன்இன்ஸ்டால்" வராது, "டிசேபிள்" மட்டும் வரும். எக்ஸ்பி காலத்து "முடக்கலாம், அழிக்க முடியாது" அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

சட்டம் மெதுவாக நகர்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம், மிகப்பெரிய நிறுவனங்களின் இயங்குதளங்களில் ஏற்கெனவே இருக்கும் செயலிகளைப் பயனர் எளிதாக நீக்க வழி வேண்டும் என்கிறது. இயங்குதளம் ஓடுவதற்கே அவசியமானவற்றுக்கு மட்டும் விலக்கு. 2024 மார்ச் முதல் இது நடைமுறையில் உள்ளது. அமெரிக்காவில், சேர்வது எவ்வளவு எளிதோ விலகுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று வணிக ஆணையம் 2024-ல் ஒரு விதி கொண்டுவந்தது. விதியை உருவாக்கிய நடைமுறை சரியில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜூலையில் அதை ரத்து செய்துவிட்டது. விலகும் உரிமைக்கு இன்னும் வழக்காட வேண்டியிருக்கிறது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சேர்க்கும்போது என்னென்ன வருகிறது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். டிக் அடிப்பது பயனருடைய கையாக இருக்க வேண்டும். ஒரு க்ளிக்கில் வந்தது ஒரு க்ளிக்கில் மொத்தமாகப் போக வேண்டும், பழைய அமைப்பைத் திரும்ப வைத்துவிட்டும் போக வேண்டும். ஒரு நல்ல வாடகைக்காரர் காலி செய்யும்போது இதைத்தானே செய்வார்?

அதுவரை நம்மால் ஆனது ஒன்று உண்டு. வீட்டுக் கணினியில் உலாவியைத் திறந்து, எந்தெந்தத் துணைநிரல்கள் இருக்கின்றன, தேடுபொறி எது, முதல் பக்கம் எது என்று ஒருமுறை பாருங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து "உன்னை யார் கூப்பிட்டது?" என்று கேளுங்கள். பதில் இல்லாதவற்றை அனுப்பிவிடுங்கள். அப்பா அம்மாவின் கணினியிலும் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே செய்யுங்கள். நீக்குவதால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று அவர்கள் கண்ணால் பார்த்தால் போதும். பயம் போய்விட்டால் பிடாரிக்கு அங்கே வேலை இல்லை.