முதல்ல கத்தியைக் கீழ வையுங்கோ

மணிக்கூட்டின் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையத்துக்குப் பெயர் பெசல். அது இறுகிப்போனால் எங்களில் கனபேர் செய்வது இரண்டில் ஒன்று. குசினிக் கத்தியைச் செருகி நெம்புவோம். இல்லையெண்டா "இனி இது சரிவராது" எண்டு லாச்சிக்குள்ள போட்டுவிடுவோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பொருள் எப்படிச் செய்யப்பட்டிருக்கு எண்டு ஒருக்காக்கூடப் பார்க்காத அவசரம்.

சீக்கோவின் எஸ்கேஎக்ஸ்007ஐ எடுத்துக்கொள்வோம். 200 மீற்றர் வரை தாங்கும், சுழியோடிகளுக்கான மணிக்கூடு. தண்ணிக்குள் இறங்கும்போது பெசலின் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்தால், போன நேரம் தெரியும். பெசல் ஒரு பக்கம் மட்டுமே சுழலும். எங்கேயாவது தட்டுப்பட்டுச் சுழன்றாலும் போன நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. சுழியோடி வேளைக்கே மேலே வந்துவிடுவார். இது தெரியாமல் மற்றப் பக்கம் குறடு போட்டுத் திருகினால், ஓர் உயிருக்காக வைத்த ஏற்பாட்டைத்தான் உடைக்கிறோம்.

இறுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் இடுக்கில் சேர்ந்த உப்பும் வியர்வையும் மணலும்தான். அப்படியெண்டா அதற்கு முதல் மருந்து கழுவுவது. பக்கக் குமிழை இறுக்கித் திருகிவிட்டு, இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணியில் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து, சுழலவேண்டிய பக்கமாகவே மெதுவாகச் சுழற்றுங்கோ. பழைய மணிக்கூட்டை ஊறப்போட வேண்டாம். உள் ரப்பர் வளையம் காய்ந்திருக்கலாம். ஈரப் பிரஷ்ஷே போதும். கன பெசல்கள் இதோடயே இளகிவிடும்.

கழற்றத்தான் வேணுமெண்டா, அது எப்படிப் பூட்டப்பட்டிருக்கு எண்டு முதலில் பாருங்கோ. எஸ்கேஎக்ஸ்007இல் அழுத்திப் பூட்டியிருக்கும். பல ஜீ-ஷொக் மொடல்களில் சின்னத் திருகாணிகள் பிடித்திருக்கும். அதை நெம்பினால் வெடிக்கும். சிலதில் பெசல்தான் கண்ணாடியையே பிடித்திருக்கும். அதில் கை வைக்கவே வேண்டாம். அழுத்திப் பூட்டியதெண்டா, உடலைச் சுற்றி டேப் ஒட்டி, மணிக்கூட்டை மேசையில் துணிக்கு மேல் வைத்து, மெல்லிய மொட்டைத் தகடொன்றை இடுக்கில் விடுங்கோ. ஒரே இடத்தில் நெம்பாமல் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்ப வேண்டும். கூரான கத்தி வேண்டாம். வழுக்கினால் கண்ணாடியில் கீறும் அல்லது கையை வெட்டும். கீழே இருக்கும் குட்டி ஸ்பிரிங் பாய்ந்தால் தேடிப் பிடிக்கேலாது.

"இதெல்லாம் எஞ்சினியரிங் பெடியளின்ர வேலை" எண்டு எங்கட பீடத்தில் சொல்லுவினம். நான் ஒத்துக்கொள்ளமாட்டன். ஒரு கவிதையை வாசிக்கத் தேவைப்படுகிற அதே பொறுமைதான் இதுக்கும் தேவை.

இரண்டு தரம் முயன்றும் அசையவில்லையா? நிப்பாட்டுங்கோ. மணிக்கூடு திருத்துபவரிடம் கொண்டுபோங்கோ. அவர் ஐந்து நிமிசத்தில் கழற்றித் தந்தால், "ஐந்து நிமிச வேலைக்கு இவ்வளவு காசா?" எண்டு மட்டும் பேரம் பேசாதேங்கோ. எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தவேணும் எண்டு அந்தக் கை பழக எத்தினை வருசம் போயிருக்கும்? நாங்கள் குடுக்கிற காசு அதுக்குத்தான்.