பழைய விமானத்துக்குப் புதுச் சாயம் வேண்டுமா?

மண்ணில் புதைந்து கிடந்த பழைய செப்புக்காசு ஒன்று உங்களுக்குக் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? புளி போட்டுத் தேய்ப்பீர்கள் அல்லவா? காசு பளபளக்கும். ஆனால், களிம்போடு சேர்ந்து மங்கலான எழுத்துகளும் மறைந்துபோகலாம். காசு புதிதாகிவிட்டது, அது சொல்ல வந்த செய்தி போய்விட்டது.

போர்க்கால விமானங்களைப் புதுப்பித்து அருங்காட்சியகத்தில் வைக்கும்போதும் இதே கேள்வி எழுகிறது.

டோர்னியர் 17 என்பது இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பயன்படுத்திய குண்டுவீச்சு விமானம். 1940-ல் இங்கிலாந்தின் கெண்ட் கரைக்கு அப்பால் வீழ்ந்த ஒன்று, குட்வின் மணல்திட்டில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 2013 ஜூன் மாதத்தில் அதை மேலே தூக்கினார்கள். உண்மையான ஆபத்து அப்போதுதான் தொடங்கியது!

ஏன் தெரியுமா? விமானத்தின் உடல் டியூராலுமினால் ஆனது. அதாவது, அலுமினியத்தோடு சிறிது செம்பு சேர்ந்த உலோகக் கலவை. அலுமினியத்தின் மேல் தானாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி அதைக் காக்கிறது. கடல் உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் அந்தப் படலத்தைத் துளைத்துவிடுகின்றன. காற்றுக்கு வந்ததும் ஆக்சிஜன், ஈரம், உப்பு மூன்றும் கூடி அரிப்பை விரைவாக்குகின்றன. அலுமினியத் தகட்டை எஃகு ஆணி தொடும் இடத்தில் ஒரு சிறு மின்கலமே உருவாகிறது. அதில் கரைந்துபோவது அலுமினியம்தான்.

இதற்கு மருந்து என்ன? காஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் பாகங்களைப் பாலிதீன் கூடாரங்களுக்குள் வைத்து, சிட்ரிக் அமிலக் கரைசலைத் தெளித்தார்கள். எலுமிச்சம்பழத்தில் உள்ள அதே அமிலந்தான்! அது கடற்படிவுகளைக் கரைத்தது, உப்பும் கழுவப்பட்டது. அமிலம் கடுமையானால் அலுமினியத்தையே தின்றுவிடும். ஆகவே, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து அதன் கடுமையைத் தணித்தார்கள். அரிப்பை நிறுத்துவதே நோக்கம். விமானத்தைப் புதிதாக்குவது அன்று.

ஹாலிஃபாக்ஸ் என்னும் பிரிட்டிஷ் விமானம் ஒன்றின் கதையும் இத்தகையதே. 1942 ஏப்ரலில் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கச் சென்ற அது, அடிபட்டு நார்வேயில் உறைந்திருந்த ஓர் ஏரியின்மேல் இறங்கியது. பனி உருகியதும் மூழ்கியது. 1973-ல் வெளியே எடுத்து, உருக்குலைந்த நிலையிலேயே லண்டனில் காட்சிக்கு வைத்தார்கள்.

“உடைந்த தகரத்தைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வது? பழைய உருவில் பார்த்தால்தானே புரியும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1945 ஆகஸ்டு 6-ல் ஹிரோஷிமாமீது அணுகுண்டு வீசிய எனோலா கே விமானத்தை அமெரிக்காவில் ஏறத்தாழ மூன்று லட்சம் மணி நேரம் உழைத்துப் புதுப்பித்தார்கள். 2003-ல் முழு உருவில் காட்சிக்கு வைத்தார்கள். பொறியியல் பயில்வோருக்கு அது விருந்து. ஆனால், பளபளக்கும் அந்த உலோகத்தைப் பார்க்கும் சிறுவனுக்கு, அதன் கீழே எரிந்த நகரம் நினைவுக்கு வருமா?

என் கருத்து இதுதான். முழு உருவைக் காட்ட மாதிரி ஒன்றைச் செய்துகொள்ளலாம். மூல விமானம் ஒரு சாட்சி. சாட்சியைத் திருத்தக் கூடாது. ஒரு குண்டுத் துளையை அடைத்துச் சாயம் பூசினால், குண்டு எத்திசையிலிருந்து வந்தது என்பதை இனி எந்த ஆராய்ச்சியாளரும் அறிய முடியாது. சாயத்தைப் பிறகும் பூசலாம். சுரண்டி எறிந்ததை மீட்க முடியாது. புதுப்பித்தே ஆக வேண்டுமென்றால், எது பழையது, எது புதியது என்று எழுதிவைக்க வேண்டும்.

அடுத்த முறை ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனால், பளபளப்பைக் கண்டு வியந்துவிட்டுத் திரும்பாதீர்கள். “இதில் எவ்வளவு உண்மையில் பழையது?” என்று கேளுங்கள். கேள்வி கேட்பதுதானே அறிவியல்!