கேர்ள்ஸ் முட்டி வீக்கா... யார் சொன்னது?

இந்த வாரம் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு குட்டி டெஸ்ட். எழுந்து நின்னு ஒரு ஜம்ப் அடிச்சு தரையில இறங்குங்க. (கிளாஸ்ல இருந்தா வேணாம், அப்புறம் சார் என்னைத் திட்டுவார்!) இறங்கினப்போ முட்டி ரெண்டும் பாதத்துக்கு நேரா இருந்துச்சா? இல்லை, ஒண்ணையொண்ணு பார்த்து உள்பக்கமா சாஞ்சுச்சா? சாஞ்சிருந்தா, இந்த வார மேட்டர் உங்களுக்கேதான். பொண்ணுங்கன்னா இன்னும் கவனமா படிங்க.

மேட்டர் என்னன்னா... ஏ.சி.எல்.!

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள்ள இழுத்துப் பிடிச்சிருக்கிற ஒரு சின்ன தசைநார்தான் இது. நீளம் மூணு சென்டிமீட்டர் சொச்சம்தான். ஆனா, கீழ்க்கால் எலும்பு முன்னாடி வழுக்காமலும், கண்டபடி திருகிக்காமலும் பார்த்துக்கிற முக்கியமான வாட்ச்மேன் இவர்தான். இவர் அறுந்தா 'டப்'புனு ஒரு சத்தம்கூட கேட்கும். சில மணி நேரத்துல முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிடும்.

யாரோ வந்து இடிச்சாத்தான் இது அறுந்து போகும்னு நினைக்கிறீங்களா? அங்கதான் ட்விஸ்ட். பத்துல ஏழு கேஸ்ல யாரும் மோதுறதே இல்லை. ஓடிட்டிருக்கிறப்போ சடன் பிரேக், சட்டுனு ஒரு கட், ஒத்தைக் கால்ல ஒரு லேண்டிங்... அவ்வளவுதான், கதை முடிஞ்சது!

மூணு மடங்கு ஷாக்!

இப்போ நம்பருக்கு வருவோம். அமெரிக்க காலேஜ் டீம்களோட 1990 முதல் 2002 வரைக்குமான 13 வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்தாங்க. பசங்களும் பொண்ணுங்களும் ஒரே மாதிரி ஆடற கால்பந்து, கூடைப்பந்துதான் கணக்குல இருந்துச்சு. அதே அளவு மேட்ச், அதே அளவு ப்ராக்டீஸுக்கு, பசங்களைவிட பொண்ணுங்களுக்கு ஏ.சி.எல். போறது சுமார் மூணு மடங்கு!

சாதாரண ஆட்கள் மட்டும் மாட்டலை பாஸ். இங்கிலாந்தோட அர்செனல் பெண்கள் டீம்ல 2022 நவம்பர்ல இருந்து 2023 மே வரைக்கும், பெத் மீட், விவியன் மீடமா, லியா வில்லியம்சன், லாரா வீன்ராய்தர்னு வரிசையா நாலு பேருக்கு ஏ.சி.எல். போச்சு. அதுல முதல் மூணு பேர் அந்த வருஷ உலகக் கோப்பையை டி.வி-யிலதான் பார்க்க முடிஞ்சது. நம்ம ஊர்ல? 2016 ரியோ ஒலிம்பிக்ல நாலாவது வந்து மொத்த நாட்டையும் திரும்பிப் பார்க்க வெச்ச ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகருக்கு 2017-ல இதே பிரச்னைக்கு ஆபரேஷன். ஸ்மிருதி மந்தனாவுக்கும் 2017 ஜனவரியில ஆஸ்திரேலியாவுல ஆடறப்போ இதே காயம்!

அப்போ பொண்ணுங்க முட்டியே வீக்தானா?

இதைத்தான் எல்லாரும் டக்குனு சொல்லிடறாங்க. "இடுப்பு அகலம், அதனால முட்டி உள்ளே சாயுது", "அந்தத் தசைநாரே சின்னது", "ஹார்மோன் அதை லூஸாக்குது"னு ஆளுக்கொரு காரணம். இதுல எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனா, முழுக்கதை அது இல்லை. ரெண்டு விஷயம் சொல்றேன், கேட்டுக்கோங்க.

முதல் விஷயம், வயசுக்கு வர்றதுக்கு முன்னாடி பையன், பொண்ணுனு இந்த வித்தியாசமே பெருசா கிடையாது. அதுக்கப்புறம்தான் கோடு ரெண்டாப் பிரியுது. பசங்களுக்கு உயரம், எடையோட சேர்ந்து தசை பலமும் ஏறிடுது. பொண்ணுங்களுக்கு உயரமும் எடையும் ஏறுற வேகத்துக்குத் தசை பலம் ஏறுறதில்லை. நம்ம மெக்கானிக்கல் பாஷையில சொன்னா, பாடி பெரிய பஸ் சைஸுக்கு வந்துடுச்சு, இன்ஜின் மட்டும் பழைய வேன் இன்ஜின்!

அதனால என்ன ஆகுது? தரையில இறங்கறப்போ முட்டியை மடக்காம விறைப்பா இறங்கறாங்க. முன்தொடைத் தசை மட்டும் ஓவரா வேலை பார்க்குது. அது கீழ்க்கால் எலும்பை முன்னாடி இழுக்கும். பின்னாடி இழுத்து பேலன்ஸ் பண்ண வேண்டிய பின்தொடைத் தசை லேட்டா வருது. நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறவர்தான் நம்ம வாட்ச்மேன்.

ரெண்டாவது விஷயம்தான் செம! நியூயார்க்ல பாலே, மாடர்ன் டான்ஸ் ஆடற 298 பேரை அஞ்சு வருஷம் ஃபாலோ பண்ணாங்க. நாள் முழுக்கக் குதிக்கிறதும் இறங்கறதும்தானே இவங்க வேலை? 2008-ல வந்த ரிசல்ட்... ஏ.சி.எல். காயம் ரொம்பக் குறைவு. அதுலயும் ஆண், பெண் வித்தியாசம் சொல்லிக்கிற மாதிரி இல்லை! அந்தப் பெண்களுக்கும் அதே இடுப்பு, அதே ஹார்மோன்தானே? ஒரே ஒரு வித்தியாசம்தான். சின்ன வயசுல இருந்தே ஆண், பெண் ரெண்டு பேருக்கும் எப்படிக் குதிச்சு எப்படி இறங்கணும்னு சொல்லித் தர்றாங்க.

நமக்கு யாராவது இறங்கச் சொல்லிக் கொடுத்தாங்களா? ஸ்மாஷ் அடிக்கச் சொல்லிக் கொடுத்தாங்க, ரெய்டு போகச் சொல்லிக் கொடுத்தாங்க. இறங்க?

கிரவுண்டும் ஒரு காரணம்!

2021-ல பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்ல மூணு பெண் ஆய்வாளர்கள் நச்சுனு ஒரு கேள்வி கேட்டாங்க. 'எலும்பு, ஹார்மோன்னு உடம்புக்குள்ளேயே தேடறீங்களே, பொண்ணுங்களுக்குச் சின்ன வயசுல இருந்து கிடைக்கிற ட்ரெயினிங், வெயிட் ரூம், கிரவுண்டு, மறுபடி தேறி வர்றதுக்கான வசதி... இதையெல்லாம் யார் கணக்குல எடுக்கறது?'ங்கிறதுதான் அது.

நம்ம காலேஜ்களை நினைச்சுப் பாருங்க. எங்க காலேஜ் ஜிம்ல கேர்ள்ஸுக்கு சாயங்காலம் ஒரு மணி நேரம்தான். அதுக்குள்ள ஹாஸ்டல் கேட் மூடற டைம் வந்துடும். ஸோனல் மேட்ச்சுக்குப் பத்து நாள் முன்னாடி டீம் செலக்‌ஷன், வார்ம்-அப்னா ரெண்டு ரவுண்டு ஓட்டம், அப்புறம் நேரா மேட்ச். அதுல ஒரு அக்காவுக்கு முட்டி போனா, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த விளையாட்டு?"னு வீட்டுல ஃபுல் ஸ்டாப். முட்டியைக் குத்தம் சொல்றோம், ட்ரெயினிங் கொடுக்காததைக் குத்தம் சொல்றதில்லை!

15 நிமிஷம் போதும் மக்கா!

கால் தரையில பட்டு சுமார் 50 மில்லிசெகண்டுக்குள்ள ஏ.சி.எல். அறுந்துடுது. அதுக்குள்ள மூளை யோசிச்சு முட்டியைத் திருத்தறது நடக்கவே நடக்காது. கால் தரையைத் தொடறதுக்கு முன்னாடியே தசைகள் ரெடியா இருக்கணும். அதுக்குப் பழக்கம் மட்டும்தான் வழி.

ஸ்வீடன்ல 12 முதல் 17 வயசு வரைக்குமான 4,564 கால்பந்து பெண்களை வெச்சு இதைச் செஞ்சு பார்த்தாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை, பதினஞ்சே நிமிஷம். 2012-ல வந்த ரிசல்ட்படி ஏ.சி.எல். காயம் 64 சதவிகிதம் குறைஞ்சிருந்துச்சு. மெஷின், மாத்திரை எதுவும் கிடையாது. அவங்க செஞ்சது இந்த ஆறுதான்:

1. ஒத்தைக் கால்ல நின்னு பாதி உட்கார்ந்து எழுறது.
2. மல்லாக்கப் படுத்து, முட்டியை மடக்கி இடுப்பை மேலே தூக்குறது.
3. ரெண்டு கால்லயும் பாதி உட்கார்ந்து எழுறது.
4. குப்புறப் படுத்து முழங்கையில உடம்பைத் தாங்குற பிளாங்க்.
5. ஒரு காலை நீளமா முன்னாடி வெச்சு முட்டியை மடக்கி இறங்கறது, அதாவது லஞ்ச்.
6. குதிச்சு, சத்தமே வராம மெத்துனு இறங்கறது.

எல்லாத்துக்கும் ஒரே ரூல்தான்... முட்டி உள்ளே சாயக் கூடாது, பாதத்துக்கு நேரா இருக்கணும். ஃப்ரெண்டை முன்னாடி நிக்க வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. நமக்கு நாமே பார்த்துக்கிட்டா எல்லாம் கரெக்டாத்தான் தெரியும்!

ஏற்கெனவே போயிடுச்சா? வீக்கத்தோட முட்டி நிலையா நிக்காத மாதிரி இருந்தா, எண்ணெய் போட்டு நீவிவிட்டு மறுநாளே கிரவுண்டுல இறங்காதீங்க. எலும்பு-மூட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆபரேஷன் ஆனவங்களுக்கு நார்வே ஆய்வு ஒண்ணு சொல்ற சேதி: திரும்பி ஆட வர்றதைத் தள்ளிப்போடற ஒவ்வொரு மாசத்துக்கும், ஒன்பது மாசம் வரைக்கும், மறுபடி அடிபடற ஆபத்து பாதி பாதியா குறையுது. அதனால ஸோனல்ஸுக்காக அவசரப்படாதீங்க. ஏ.சி.எல். போன ஸ்வீடன் பெண் வீராங்கனைகளைப் பன்னிரண்டு வருஷம் கழிச்சு எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தப்போ, பாதிப் பேருக்கு மூட்டுத் தேய்மானம். அப்போ அவங்களோட சராசரி வயசு வெறும் 31!

பயமுறுத்தறதுக்காகச் சொல்லலை. ஆபரேஷனுக்கு அப்புறம் தீபா கர்மாகர் 2018 ஜூலையில துருக்கியில தங்கம் ஜெயிச்சாங்க. ஸ்மிருதி மந்தனா 2017 உலகக் கோப்பையில இங்கிலாந்துக்கு எதிரா 90, அடுத்த மேட்ச்ல வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரா 106 நாட் அவுட்!

ஸோ, கேர்ள்ஸ்... விளையாட்டை விடாதீங்க, இறங்கக் கத்துக்கோங்க. பாய்ஸ்... உங்களுக்கும் இது அறுந்து போகும், ஓரமா நின்னு சிரிக்காம நீங்களும் சேர்ந்து பண்ணுங்க. நாளைக்கே இந்தப் பக்கத்தைக் கிழிச்சு உங்க பி.டி. மேடம் டேபிள்ல வெச்சிட்டு, தைரியமா ஒண்ணு கேளுங்க:

"மேடம், வார்ம்-அப்புக்கு ரெண்டு ரவுண்டுக்குப் பதிலா பதினஞ்சு நிமிஷம் கிடைக்குமா?"