பட்டினி போட்டால் டைனோ சாகாது

மதியம் பன்னிரண்டு மணி. தொட்டி விளக்கு முழு வெளிச்சத்தில் எரிகிறது. வெள்ளை மணல்மேல் துருப்பிடித்தாற்போல் பழுப்புத் திட்டுகள். பாறை முனைகளிலிருந்து சளிபோல் நூல் நூலாகத் தொங்கும் கோழை; ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு காற்றுக் குமிழி. இரவில் விளக்கணைத்துவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் மணல் பாதிக்குமேல் வெளுத்திருக்கும். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மதியம் வந்துவிடும்; பழுப்பும் வந்துவிடும். கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்த நத்தைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து மல்லாந்து கிடக்கும்.

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் யாரிடம் இதைச் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும். "தண்ணி அழுக்காயிடுச்சு. தீனியைக் குறைங்க, தண்ணியை மாத்துங்க, பாஸ்பேட் உறிஞ்சுற துகள் போடுங்க, மூணு நாள் லைட்டை அணைச்சு வைங்க." நானும் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் செய்தேன். 220 லிட்டர் தொட்டியில் பதினான்கு நத்தைகள் செத்தன. பழுப்பு சாகவில்லை.

இந்த அறிவுரை எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. பச்சை முடிப்பாசி வந்த தொட்டிக்கு இது சரியான வைத்தியம். அங்கே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்திருப்பதுதான் நோய். 'லங்கணம் பரம ஔஷதம்' என்பது அஜீரணக்காரனுக்குச் சரி. சோகை பிடித்தவனையும் பட்டினி போட்டால் என்ன ஆகும்? டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் (சுருக்கமாக டைனோ) வந்த தொட்டிக்கு நாம் செய்வது அதைத்தான். ஆகவே அந்த அறிவுரையை ஒவ்வொரு கூறாக எடுத்துப் பார்ப்போம்.

1. "புதுத் தொட்டியில் வரும் டையாட்டம்தான், தானே போய்விடும்"

புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் டையாட்டம் என்ற நுண்பாசி பழுப்பாகப் படர்வதும், தண்ணீரில் உள்ள சிலிக்கா தீர்ந்ததும் அடங்கிவிடுவதும் உண்மை. ஆனால் பழுப்பெல்லாம் டையாட்டம் அல்ல. டையாட்டம் மாவு தூவியதுபோல் படியும். துடைத்தால் தூசியாகக் கலையும். சயனோ பாக்டீரியா ஏடுபோல் படரும். ஓரத்தைப் பிடித்து உரித்தால் ஏடாகவே வரும். டைனோ கோழையாக இழுபடும், குமிழி பிடித்துக்கொள்ளும், வெளிச்சத்தோடு கூடி இரவில் குறையும்.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு சிரிஞ்சில் கொஞ்சம் கோழையைத் தொட்டித் தண்ணீரோடு உறிஞ்சி, மூடி போட்ட சீசாவில் ஊற்றிக் கட்டியே தெரியாதபடி குலுக்குங்கள். காபி வடிகட்டும் காகிதத்திலோ தடித்த டிஷ்யூ காகிதத்திலோ வடிகட்டி, வடிந்த தண்ணீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். தெளிந்திருந்த தண்ணீரில் மீண்டும் நூல் திரண்டால் அது பெரும்பாலும் டைனோதான். செல்கள் தாமாக நீந்தி வந்து ஒட்டிக்கொள்கின்றன.

இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. என் கருத்தில் அதைத் தாண்டிவிட்டு எந்த வைத்தியமும் தொடங்கக் கூடாது. பள்ளி மாணவர்கள் பயன்படுத்தும் நுண்ணோக்கி போதும். 400 மடங்கு பெரிதாக்கினால் தெரிந்துவிடும். டினோஸ் என்றால் கிரேக்கத்தில் சுழற்சி, ஃபிளாஜெல்லம் என்றால் லத்தீனில் சாட்டை. ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு சாட்டைகள். அவற்றை வீசிச் சுழன்று நகர்வதால் டைனோஃபிளாஜெல்லேட் என்று பெயர்.

என் தொட்டிக் கோழையில் ஒரு சொட்டை வைத்துப் பார்த்தபோது நீர்த்துளி வடிவத்தில், ஒரு முனை கூர்த்த பழுப்பு மணிகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் அந்தக் கூர்முனையை மையமாக வைத்து, முளையில் கட்டிய ஆடுபோல் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கட்டியிருந்த கயிறு கோழை இழை. அதுதான் ஆஸ்ட்ரியாப்சிஸ். ஆம்ஃபிடினியம் என்றால் தட்டையாக, ஒரு முனையில் சிறு அலகு நீட்டியபடி மணலிடையே வழுக்கிப் போகும். புரோரோசென்ட்ரம் அலகில்லாத நீள்வட்டம், விதைபோல் இருக்கும். கூலியா ஏறக்குறைய உருண்டை. டையாட்டமோ கண்ணாடி ஓடுபோல் விறைத்திருக்கும், சுழலாது. பெயரைத் தெரிந்துகொள்வது வெறும் ஏட்டுப் படிப்பு அல்ல. பெயரைப் பொறுத்தே வைத்தியம் மாறுகிறது என்பதை ஐந்தாவது கூறில் பார்க்கலாம்.

2. "சத்து மிகுந்துவிட்டது, பட்டினி போடு"

அறிவுரையின் ஆணிவேர் இது. தவறின் ஆணிவேரும் இதுதான்.

டைனோ பிடித்த தொட்டிகளில் பரிசோதனைப் பெட்டியை எடுத்துப் பாருங்கள். திரும்பத் திரும்பக் காண்பது நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். இதற்கு மறுதரப்பு ஒரு பதில் வைத்திருக்கிறது: "சத்து நிறைய இருக்கிறது, பழுப்பு அதை உறிஞ்சிவிடுவதால்தான் பூஜ்யம் காட்டுகிறது." முடிப்பாசிக்கு இந்த வாதம் பொருந்தும். இங்கே எது முந்தியது என்று பார்க்க வேண்டும். என் குறிப்பேட்டில் பழுப்பு தோன்றுவதற்கு ஆறு வாரம் முன்பிருந்தே இரண்டும் பூஜ்யம். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடுத் துகள் போட்டிருந்தேன். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் இரவு பகலாக ஓடியது. போதாததற்கு தினமும் வினிகர் ஊற்றி பாக்டீரியாவை வளர்த்து மிச்ச நைட்ரேட்டையும் இழுத்துக்கொண்டிருந்தேன். எண்கள் பூஜ்யமானபோது பெருமைப்பட்டேன். தொட்டி அப்போதே காலியாகிவிட்டிருந்தது.

பூஜ்யத்தில் யார் முதலில் சாவார்கள்? தண்ணீரில் கரைந்த சத்தை மட்டுமே நம்பியிருக்கும் பச்சைப் பாசிகளும் டையாட்டங்களும்தான். டைனோக்களில் பல வெளிச்சத்தில் உணவு தயாரிப்பதோடு, பாக்டீரியாவையும் மற்ற நுண்ணுயிர்களையும் விழுங்கியும் வாழக்கூடியவை. கடை மூடினாலும் அவற்றுக்கு அடுப்பு எரியும். போட்டியாளர்கள் போனபின் மணலும் பாறையும் அவற்றுக்குக் குத்தகை.

காய்ந்த பாறையில் தொடங்கும் தொட்டிகளில் இது இன்னும் எளிதில் நடக்கிறது. நம் நாட்டில் கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல் பாறையைப் பெயர்த்துக் கொண்டுவரக் கூடாது, காய்ந்த பாறைதான் நேர்மையான வழி. ஆனால் அதில் குடியிருப்பவர் யாரும் இல்லை. முதலில் வந்தவர் ஊரைப் பிடித்துக்கொள்கிறார்.

ஆகவே செய்ய வேண்டியது நேர் எதிரானது. உறிஞ்சும் துகளை எடுத்துவிடுங்கள். வினிகரை நிறுத்துங்கள். மீனுக்கு வயிறாரத் தீனி போடுங்கள். அதுவும் போதாவிட்டால் சோடியம் நைட்ரேட்டும் டிரைசோடியம் பாஸ்பேட்டும் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேருங்கள். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 முதல் 0.1 பிபிஎம் என்பது பவளத் தொட்டி வளர்ப்பவர்கள் அனுபவத்தில் கண்ட அளவு. இதில் பாஸ்பேட்தான் பொறுமையைச் சோதிக்கும். மாலையில் ஊற்றியது காலையில் காணாமல் போகும். காய்ந்த பாறை அதைக் குடித்துவிடும். பாறையின் தாகம் தீரும்வரை தினமும் அளந்து தினமும் ஊற்ற வேண்டும்.

முதல் வாரம் என் தொட்டியில் பழுப்பு கொஞ்சம் கூடவே செய்தது. பயந்து பின்வாங்கும் இடம் அதுதான். பின்வாங்காதீர்கள்.

3. "தண்ணீரை மாற்றிக்கொண்டே இரு"

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் கரைந்திருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு போகும். டைனோவோ பகலில் தண்ணீரில் இருப்பதில்லை. மணலிலும் பாறையிலும் ஒட்டியிருக்கிறது. நாம் வெளியேற்றுவது, ஏற்கெனவே வற்றிக் கிடக்கும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும்தான். மாற்றிய மறுநாள் பழுப்பு தடித்து வருவதைப் பலரும் கண்டிருக்கிறார்கள்; நானும் கண்டேன்.

கோழையைக் கையால் அகற்றுவது நல்லது, அவசியமும்கூட. அதற்குத் தண்ணீரை இழக்க வேண்டியதில்லை. மெல்லிய குழாயால் கோழையை உறிஞ்சி, 10 மைக்ரான் வடிபையில் விட்டு, வடிந்த அதே தண்ணீரைத் தொட்டிக்கே திருப்புங்கள். செல்கள் பையில் நிற்கும். பையை வெந்நீரில் கழுவிக் காய வையுங்கள்.

4. "மூன்று நாள் இருட்டில் வை"

மூன்று நாள் கழித்துப் போர்வையை எடுத்தால் மணல் பளிச்சென்று இருக்கும். படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பத் தோன்றும். ஒரு வாரத்தில் பழுப்பு திரும்பும். மறைவாகத் தண்ணீரில் மிதந்தவை, தடித்த உறைக்குள் ஒடுங்கிக் கிடந்தவை, இருட்டிலும் எதையாவது விழுங்கிப் பிழைத்தவை எல்லாம் இடத்துக்கு வந்து சேரும். வெளிச்சத்தை மட்டுமே நம்பிய பச்சைப் பாசிக்குத்தான் அந்த மூன்று நாள் நட்டம்.

இருட்டுக்கு ஒரு பயன் உண்டு. அது சில இனங்களைப் பரப்பிலிருந்து கிளப்பித் தண்ணீருக்குள் தள்ளும். அங்கே அவற்றைப் பிடிக்க ஆள் காத்திருந்தால் இருட்டு நல்ல துணை. ஆள் இல்லையென்றால் இருட்டு வெறும் இருட்டு.

5. "யூவி விளக்கு போட்டால் தீர்ந்தது"

அந்த ஆள்தான் யூவி, அதாவது புற ஊதா விளக்கு. ஒரு தரப்பு இதை அருமருந்து என்கிறது. இன்னொரு தரப்பு காசுக்குக் கேடு என்கிறது. இருவரும் தங்கள் தொட்டியில் கண்டதைத்தான் சொல்கிறார்கள். இருவர் தொட்டியிலும் இருந்தது ஒரே இனம் அல்ல, அவ்வளவுதான்.

ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் பிடியை விட்டுத் தண்ணீரில் மிதக்கிறது. கூலியாவும் ஓரளவு அப்படியே. யூவி விளக்கைக் கடந்து போகும் செல் சேதமாகும். ஆகவே 10, 12 லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில், மெதுவான ஓட்டத்தில், பிரதான தொட்டியிலிருந்தே நேராக நீரெடுத்து அதிலேயே விடும்படி மாட்டினால் இவற்றுக்குப் பலன் கிடைக்கும். வடிகட்டிகள் இருக்கும் கீழ்த்தொட்டியில் மாட்டிவிட்டுப் பலனில்லை என்று சொல்வது நியாயமல்ல.

பெரிய செல் ஆம்ஃபிடினியம் இரவில் மேலே வராது, மணலுக்குள் இறங்கிவிடும். அதற்கு யூவி மாட்டினால் மின்கட்டணம் ஒன்றுதான் கூடும். அங்கே செய்யத் தக்கது, சோடியம் சிலிக்கேட் சேர்த்து டையாட்டத்தை வேண்டுமென்றே வளர்ப்பது. மணலை டையாட்டம் பிடித்துக்கொண்டால் டைனோவுக்கு நிற்க இடமில்லை. முதல் கூறில் நாம் எதிரியென்று நினைத்த அதே டையாட்டம் இங்கே காவல்காரன்.

6. "ஒரு மருந்தை ஊற்றிக் கூண்டோடு கொல்"

ஹைட்ரஜன் பெராக்சைடு முதல் பெயர் தெரியாத புட்டிகள்வரை ஊற்றுகிறார்கள். ஆஸ்ட்ரியாப்சிஸ் சாதாரண உயிர் அல்ல. 2005 கோடையில் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் இது பெருகியபோது, கடல் காற்றைச் சுவாசித்த இருநூறுக்கு மேற்பட்டவர்கள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குப் போனார்கள். அதே இனத்தை ஒரே நாளில் மொத்தமாகக் கொன்றால், அதனுள் இருந்த விஷம் மொத்தமும் மீன்கள் இருக்கும் தண்ணீரிலேயே இறங்கும். குறைப்பது படிப்படியாக நடக்க வேண்டும். அதுவரை புதிய ஆக்டிவேட்டட் கார்பன் தொட்டியில் இருக்கட்டும். கையுறை போடுங்கள். தயவுசெய்து, குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பாறையைக் காற்றில் பிடித்துத் தேய்த்துத் திவலை கிளப்பாதீர்கள்.

'கூண்டோடு' என்ற சொல்லே இங்கே பொருந்தாது. பவளத்தின் சதைக்குள் குடியிருந்து, வெளிச்சத்தில் சமைத்து அதற்குச் சோறு போடும் சூசாந்தெல்லே யார்? அதுவும் டைனோஃபிளாஜெல்லேட்தான். பவளம் வெளுத்துப்போகிறது என்று உலகம் கவலைப்படுவது அந்தக் குடித்தனக்காரர் வெளியேறுவதைப் பற்றித்தான். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீல ஒளி வீசின. ஊரே திரண்டு பார்த்தது. அந்த ஒளிக்குக் காரணமான நாக்டிலூக்காவும் இதே கூட்டம். டைனோ இல்லாத பவளத் தொட்டி என்று ஒன்று இருக்க முடியாது. தலைதூக்க முடியாதபடி மற்றவர்களும் வாழும் தொட்டிதான் இருக்க முடியும்.

நான் வினிகரை நிறுத்தி, தினமும் பாஸ்பேட் ஊற்றி, யூவியை மாட்டி ஐந்தாவது வாரம். காலையில் தொட்டிக்கு முன்னால் நின்றபோது கண்ணாடியில் மெல்லிய பச்சைப் படலம் தெரிந்தது. முன்பானால் உடனே காந்தத் துடைப்பானை எடுத்திருப்பேன். அன்று எடுக்கவில்லை. படலத்தின் நடுவே கோணல்மாணலாக ஒரு சுத்தமான கோடு ஓடியது. அதன் முடிவில், பிழைத்த இரண்டு நத்தைகளில் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது.