நாள்வரவுத் தோட்டத்திற்கு ஆண்டுக்கடன் போதுமா?

மின்னி பே பகுதியின் சமையலறைகளுக்குக் காய்கறி இரு வழிகளில் வருகிறது. ஒன்று, சென்னையிலிருந்து ஏறக்குறைய மூன்று நாள் கடல் கடந்து வரும் கப்பல். மற்றொன்று, தெற்கு அந்தமானின் சிறு தோட்டங்கள். கப்பல் தாமதிக்கும் வாரங்களில்தான் இரண்டாவது வழியின் அருமை நமக்குப் புலப்படுகிறது. அத்தோட்டங்களின் உழைப்பை வங்கிகளாகிய நாம் சரியாக அளக்கிறோமா என்பதே இங்கு நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

நெல்லுக்கு அறுவடை ஒருமுறை, காய்கறிக்கோ நாள்தோறும். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிடில் முற்றி நாராகிவிடும். பாகற்பந்தலில் பழ ஈயைக் கவனிக்காவிடில் பிஞ்சுகள் அழுகும். விதைத்த ஒரு மாதத்திற்குள் கீரையை அறுத்து விற்றாக வேண்டும். இத்தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி மே முதல் டிசம்பர் வரை. அம்மாதங்களில் வடிகால் வெட்டுவதே முதல் வேலை. கத்தரியையும் தக்காளியையும் வாடல் நோய் தாக்குவதும் உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரையோ நீர் சுமக்க வேண்டும். 2004 ஆழிப்பேரலையின்போது உப்புநீர் புகுந்த தாழ்நிலங்களில், மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்த மேட்டுப்பாத்தி முறையில் இன்று காய்கறி விளைவிக்கிறார்கள். இவ்வுழைப்பிற்கு விடுமுறை இல்லை. இதில் ஒரு பங்கு வீட்டுப் பெண்களின் கைகளில் நடப்பினும், செலவுக் கணக்கில் அது ஏறுவதே இல்லை.

வரவும் அவ்வாறே நாள்தோறும், சிறு தொகைகளாக வருகிறது. ஆனால் கடனை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து, ஒருமுறை அடைக்கும் பழக்கமே பலரிடம் நிலவுகிறது. இடையில் விதைக்கோ மருந்துக்கோ பணம் தேவைப்பட்டால் தண்டல்காரரை நாடுகிறார்கள். 9,000 ரூபாய் பெற்று, நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் செலுத்துவது எளிதாகத் தோன்றும். கணக்கிட்டால் அதன் வட்டி ஆண்டுக்கு 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது.

1998இல் அறிமுகமான கிசான் கடன் அட்டை இதற்கு மாற்றாகும். அது ஒருமுறைக் கடன் அன்று, சுழல் கணக்கு. வரம்பிற்குள் எத்தனை முறையும் எடுக்கலாம், செலுத்தலாம். வட்டி அன்றாட நிலுவைக்கு மட்டுமே. ஒரு இலட்சம் ரூபாயை ஆண்டு முழுதும் நிலுவையில் வைத்தால் 7 விழுக்காட்டில் வட்டி 7,000 ரூபாய். விற்பனைப் பணத்தை வாரந்தோறும் செலுத்திச் சராசரி நிலுவையை 60,000 ரூபாயாகக் குறைத்தால் வட்டி 4,200 ரூபாய்தான். 3 இலட்சம் வரையிலான பயிர்க்கடனை உரிய காலத்தில் அடைப்போருக்கு மேலும் 3 விழுக்காடு ஊக்கச் சலுகையும் உண்டு. 2025 ஜனவரி முதல் 2 இலட்சம் ரூபாய் வரை வேளாண் கடனுக்கு ஈடு தேவையில்லை. குத்தகை விவசாயிகளும் கூட்டுப் பொறுப்புக் குழுக்களாக இணைந்து கடன் பெறலாம்.

எனினும், வசதி இருப்பது மட்டும் போதாது. தோட்டத்தைப் பார்வையிடச் செல்லும் அலுவலர் நிலத்தின் பரப்பை மட்டும் குறித்துத் திரும்பலாகாது; வாரத்தில் எத்தனை பறிப்பு, எத்தனை கூடை, எவரிடம் விற்பனை என்றும் கேட்க வேண்டும். பட்டா இல்லாத குத்தகையாளரின் உழைப்பே அவரது நாணயத்திற்குச் சான்று என நாம் கருதுகிறோம். சிறு தொகையைச் செலுத்த வருபவரை வரிசையில் காக்கவைத்தால் அவர் ஒரு பறிப்பையே இழக்கக்கூடும். வங்கி முகவர் வழியாக ஊரிலேயே பணம் செலுத்த வகை செய்வது கருணையன்று, நல்ல வணிகம்.

வாடிக்கையாளர்களிடம் நாம் வேண்டுவதும் எளியதே. ஒரு குறிப்பேட்டில் அன்றன்றைய பறிப்பு, விலை, செலவு ஆகியவற்றோடு வீட்டாரின் உழைப்பு நேரத்தையும் எழுதி வாருங்கள். கடன் வரம்பை உயர்த்தக் கோரும் நாளில் அக்குறிப்பேட்டையும் கையில் கொண்டு வாருங்கள். எங்கள் படிவங்கள் கேட்கத் தவறிய கேள்விகளுக்கு அதில் விடை இருக்கும்.