மருதத்தை மண்ணிட்டு மூடுவோர்

நம் சங்க மேடையில் ஐந்திணை பேசப்படாத ஆண்டு விழா இல்லை. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் ஓரம்போகியார் வயல் நண்டுக்கென்றே ஒரு பத்துப் பாடினார் என்று சொற்பொழிவாளர் கூறக் கேட்டுக் கைதட்டுகிறோம். கள்வன் என்பது அங்கே நண்டின் பெயர். இன்று வயலில் வேறு வகைக் கள்வர் புகுந்துள்ளனர். அவருள் நானும் ஒருவன். தஞ்சையிலிருந்து மாற்றலாகிப் பாலக்காடு வந்தவன், செம்மண் கொட்டி மேடாக்கிய வயலில் ஐந்து சென்ட் வாங்கி வீடு கட்டினேன். நானறிந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் அவ்வாறே செய்துள்ளன.

வயல் என்பது நெல் விளையும் நிலம் மட்டுமன்று, ஆழமற்ற நீர்நிலை. ஈரநிலங்களைக் காக்க 1971-இல் ராம்சர் நகரில் உருவான உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள், நெல்வயலையும் ஈரநிலமாக மதித்து 2008-இல் தனித் தீர்மானமே நிறைவேற்றின. இடவப்பாதி மழையில் ஆறும் வாய்க்காலும் வயலும் ஒன்றாகும்போது, கெளுத்தியும் விராலும் நீரை எதிர்த்தேறி வந்து வயலில் முட்டையிடுகின்றன. மீன்குஞ்சு கொசுப்புழுவைத் தின்னும்; தவளை பூச்சியைத் தின்னும்; தவளையை நீர்க்கோலியும் நாரையும் தின்னும். கோடையில் நண்டு வளைக்குள்ளும் தவளை மண்ணுக்குள்ளும் அடங்கிக் கிடக்கும். தேங்கிய நீர் கீழிறங்கிக் கிணறுகளில் ஊறும்.

ஒரு காலத்தில் கேரள வயல்களில் இரவில் விளக்கேந்தித் தவளை பிடித்தனர். அவற்றின் கால்கள் கொச்சி வழியே அயல்நாட்டார் உணவு மேசைக்குச் சென்றன. 1987-இல் அந்த ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. தவளை பிழைத்தது, ஆனால் அதன் வீடு? 1970-களின் நடுவில் கேரளத்தில் எட்டரை லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நெற்பரப்பு, இன்று ஏறத்தாழ 2 லட்சம். வயலையும் ஈரநிலத்தையும் காக்க 2008-இல் சட்டம் வந்தது. அரசின் வயற்பட்டியலில் சேராத நிலத்தைக் கட்டணம் செலுத்தி மாற்றிக்கொள்ள, 2018-இல் அச்சட்டத்திலேயே வழி திறந்தது.

உழவனுக்கு நட்டம், நமக்கோ கூரை வேண்டும் என்பர் அன்பர். உழவனின் நட்டம் மெய்யே. வயலை வயலாக வைத்திருப்போர்க்கு அரசு 2020-இல் அறிவித்த தொகை ஹெக்டேருக்கு 2000 ரூபாய். என் வீட்டு வாயிற்கதவுக்கும் அது போதாது. ஆகவே விற்றவனை நான் பழியேன். வாங்கிய நமக்கு என்ன முட்டுப்பாடு? மேட்டு நிலத்திலும் மனை இருந்தது. விலை சற்று அதிகம், அலுவலகம் சற்றுத் தொலைவு, அவ்வளவே.

குடிபுகுந்த முதல் மழைக்காலத்தில் கொல்லைப்புறச் சாக்கடையில் தவளைகள் இரவெல்லாம் கத்தின. தூக்கம் கெடுகிறதென்று பிளீச்சிங் பவுடர் தூவினேன். மறு ஆண்டு ஓசை இல்லை, கொசு இருந்தது. இப்போது மாசி பிறந்தால் கிணறு வற்றி, லாரித் தண்ணீருக்குக் காத்து நிற்கிறேன்.

இம்மலருக்கு மருதம் பற்றி எழுதித் தருமாறு செயலாளர் கேட்டபோது, மனை விற்பனை விளம்பரங்களுள் வயலை மூடிய மனைக்கான விளம்பரங்களையேனும் விலக்குங்கள் என்று வேண்டினேன். அச்சுச் செலவை யார் தருவது என்று கேட்டார். அவர் என்ன முடிவு செய்தார் என்பதை மலரின் பின்பக்கங்களைப் புரட்டி அறிந்துகொள்க.